அத்தரும் வியர்வையும்: ஒரே ஸஃப்பில் நிற்கும் இருவர்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக! ஆமீன்.



சில வாரங்களுக்கு முன் ஒரே வெள்ளிக்கிழமையில் இரண்டு பேர் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டார்கள். இரண்டுமே வாசனை பற்றிய கேள்விகள். ஒன்றுக்கு அங்கேயே பதில் சொல்லிவிட்டேன். மற்றொன்றுக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைத்தான் இன்றைய ஜும்ஆவில் சொல்ல நாடியிருக்கிறேன்.

முதலாமவர் படித்த இளைஞர். காக்களூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறார். தொழுகை முடிந்ததும் பையிலிருந்து ஒரு சென்ட் டப்பாவை எடுத்துக் காட்டினார். "ஹஜ்ரத், இதில் 'உட்டி அரோமேட்டிக், ஃபார் மென்' என்று போட்டிருக்கிறார்கள். ஜும்ஆவுக்குப் போட்டு வரலாமா? உங்களுக்கு எப்படி இருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். உட்டி என்றால் மர வாசனை. என் கையில் கொஞ்சம் அடித்தார். முதலில் இலையைக் கசக்கியது போல ஒரு சுருக்கென்ற வாசம். சற்று நேரத்தில் அது அடங்கிவிட்டது. அஸர் வரைக்கும் கையில் நின்றது தேவதாருவும் சந்தனமும் கலந்தது போன்ற ஒரு வாசம்தான். நல்ல வாசனை என்று சொன்னேன்.

இரண்டாமவர் அஸ்ஸாம் மாநிலத்துச் சகோதரர். இரும்பு உருக்கும் ஆலையில் பர்னஸ் பக்கத்தில் வேலை. அவர் பள்ளிக்கு உள்ளே வரவில்லை. செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றே தொழுதிருந்தார். ஏன் உள்ளே வரவில்லை என்று உருதுவில் கேட்டேன். கொஞ்ச நேரம் தயங்கினார். பிறகு சொன்னார்: "இமாம் ஸாஹப், போன மாதம் நீங்கள் நல்ல நண்பனைப் பற்றிப் பயான் செய்தீர்கள். நல்ல நண்பன் கஸ்தூரி விற்பவனைப் போல, கெட்ட நண்பன் துருத்தி ஊதுபவனைப் போல என்றீர்கள். நெருப்பு ஊதுகிறவர்கள் நாங்கள்தானே? அன்றைக்கு என் பக்கத்தில் நின்றவர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு வேறு ஸஃப்புக்குப் போய்விட்டார். நம்மால் ஏன் மற்றவர்களுக்குச் சிரமம் என்று வெளியே நின்றுகொண்டேன்."

அன்பிற்குரியவர்களே! அந்த ஹதீஸை நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றி எத்தனை உருக்காலைகள், ரோலிங் மில்கள், வார்ப்பாலைகள்! 1600 டிகிரி சூட்டில் உருகி ஓடும் இரும்புக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்ப்பவர்கள் நம் ஸஃப்பில் இருக்கிறார்கள். அவர்களை வைத்துக்கொண்டே அந்த ஹதீஸைச் சொல்கிறோமே, அவர்கள் காதில் அது எப்படி விழும் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. அது என் குறை. அல்லாஹ் மன்னிப்பானாக!

நறுமணம் ஸுன்னத்தானது

முதலில் அந்த இளைஞரின் கேள்வியைப் பார்ப்போம். பெருமானார் (ஸல்) அவர்கள் நறுமணத்தை நேசித்தார்கள். உங்கள் உலகத்தில் எனக்குப் பிரியமாக்கப்பட்டவை என்று அவர்கள் குறிப்பிட்டவற்றில் நறுமணமும் ஒன்று என்பதை நஸாயீயில் பார்க்கிறோம். யாராவது நறுமணம் கொடுத்தால் மறுக்க மாட்டார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிப்பது புகாரியில் இருக்கிறது. மறுக்காதீர்கள், அது சுமப்பதற்கு இலேசானது, வாசமும் நல்லது என்று நமக்கும் சொல்லிக் கொடுத்தார்கள்.

ஆண்களின் நறுமணத்தில் வாசம் வெளியே தெரிய வேண்டும், நிறம் தெரியக்கூடாது என்ற கருத்தில் திர்மிதீயில் ஒரு ஹதீஸ் உண்டு. மேனியிலும் ஆடையிலும் நிறம் ஏற்றும் குங்குமப்பூவை ஆண்கள் பூசுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். மர வாசனைகள் இந்தக் கணக்குக்குச் சரியாக வருகின்றன. சந்தனம், அகில், தேவதாரு, வேர் வகையில் நம்ம ஊர் வெட்டிவேர் எல்லாம் நிறத்தைக் காட்டாமல் வாசத்தை மட்டும் தருபவை. நாம் ஊது என்று சொல்லும் அகில் கட்டையை இப்னு உமர் (ரலி) அவர்கள் புகை போடுவார்கள். சில நேரம் தனியாகவும், சில நேரம் கற்பூரம் சேர்த்தும் போட்டுவிட்டு, இப்படித்தான் அல்லாஹ்வின் தூதர் செய்தார்கள் என்பார்களாம். இது முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. சொர்க்கவாசிகளின் தூபக் கலசங்களில் இருப்பதும் இந்த அகில்தான் என்று புகாரியில் வருகிறது.

ஆல்கஹால் கலந்த சென்ட் பற்றி ஒரு வார்த்தை. நம் பள்ளியில் ஹனஃபிகளும் இருக்கிறோம், ஷாஃபிஈகளும் இருக்கிறோம். திராட்சை, பேரீச்சை தவிர்ந்த மற்றப் பொருட்களிலிருந்து எடுக்கப்பட்ட ஆல்கஹாலை மேலே பூசுவதில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்தை வைத்து இக்கால முஃப்திகள் பலர் அனுமதி தருகிறார்கள். போதை தரும் திரவம் எல்லாமே அசுத்தம் என்பது ஷாஃபிஈ மத்ஹபில் பிரபலமான சட்டம். அதனால் பேணுதலாக ஆல்கஹால் இல்லாத அத்தரைப் போடுபவரும் நல்லதையே செய்கிறார். அனுமதியை எடுத்துக்கொண்டவரும் உலமாக்கள் சொன்னதைத்தான் எடுத்திருக்கிறார். ஆனால் பக்கத்தில் நிற்பவரின் சட்டையை மோந்து பார்த்து, "இவர் தொழுகை கூடுமா?" என்று தீர்ப்புச் சொல்லும் வேலையை அல்லாஹ் நம்மில் யாருக்கும் தரவில்லை.

ஜும்ஆவின் குளிப்பு வந்த கதை

இனி அந்த அஸ்ஸாம் சகோதரரின் கேள்விக்கு வருகிறேன்.

ஜும்ஆவுக்குக் குளிக்க வேண்டும், எண்ணெய் தேய்க்க வேண்டும், நறுமணம் பூச வேண்டும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். இந்த ஸுன்னத் எந்தச் சூழ்நிலையில் வந்தது? இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் விளக்குகிறார்கள். அபூதாவூதில் இருக்கிறது. அன்றைய மக்கள் உழைப்பாளிகள். கம்பளி ஆடை அணிந்து முதுகில் சுமை சுமந்தவர்கள். பள்ளிவாசலோ சிறியது, கூரையும் தாழ்வானது. வெயில் கடுமையான ஒருநாள், கம்பளிக்குள் வியர்த்து வாடை கிளம்பி ஒருவருக்கொருவர் சிரமமாகிவிட்டது. நபி (ஸல்) அவர்கள் அதை உணர்ந்ததும், இந்த நாள் வந்தால் குளித்துவிட்டு, உங்களிடம் இருப்பதில் நல்ல எண்ணெயையும் நறுமணத்தையும் பூசிக்கொள்ளுங்கள் என்று மக்களிடம் சொன்னார்கள்.

ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பும் புகாரியில் உண்டு. மதீனாவின் மேட்டுப் பகுதிக் கிராமங்களிலிருந்து புழுதியும் வியர்வையுமாக மக்கள் ஜும்ஆவுக்கு வருவார்கள். அவர்களில் ஒருவர் நாயகத்தின் அருகில் வந்தபோது, இந்த நாளுக்காக நீங்கள் சுத்தம் செய்துகொண்டால் நன்றாயிருக்குமே என்று பெருமானார் (ஸல்) அவர்கள் சொன்னார்கள்.

கவனியுங்கள். ஜும்ஆவின் நறுமணம் பணக்காரர்களின் அலங்காரமாக வந்த ஸுன்னத் அல்ல. உழைப்பாளிகள் நிறைந்த ஒரு பள்ளிவாசலில், அவர்களை வைத்தே வந்த ஸுன்னத். வாடை இருந்தது உண்மை, அதை நாயகம் (ஸல்) அவர்கள் மறைக்கவில்லை. ஆனால் யாரையும் பெயர் சொல்லிச் சுட்டவில்லை. வராதே என்று யாரையும் சொல்லவில்லை. எல்லோரும் குளியுங்கள் என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார்கள்.

"ஹஜ்ரத், வெங்காயம், பூண்டு சாப்பிட்டவர் பள்ளிக்கு வரவேண்டாம் என்று ஹதீஸ் இருக்கிறதே?" என்று ஒருவர் கேட்கலாம். உண்மைதான், அதுவும் ஸஹீஹான ஹதீஸ். மனிதர்களுக்குத் தொல்லை தருவது மலக்குகளுக்கும் தொல்லை தருகிறது என்று அதற்குக் காரணமும் சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் இரண்டு இடத்திலும் சொன்ன பதிலைப் பாருங்கள். பச்சை வெங்காயத்தை நாமாக விரும்பிச் சாப்பிடுகிறோம், சாப்பிடாமலும் இருக்கலாம். அங்கே வீட்டில் இருங்கள் என்றார்கள். வியர்வை ஹலாலான உழைப்பில் தானாக வருவது. அங்கே குளித்துவிட்டு வாருங்கள் என்றார்கள். வெங்காயத்துக்குச் சொன்னதை எடுத்து உழைப்பாளியின் வியர்வைக்குப் போட்டால், நாம் ஹதீஸைப் பின்பற்றவில்லை. நம் மூக்கைத்தான் பின்பற்றுகிறோம்.

அந்தக் காரணத்தைக் கொஞ்சம் நம் பக்கமும் திருப்பிப் பார்ப்போம். அடுத்தவருக்குத் தொல்லை தரக்கூடாது என்பதுதான் சட்டம் என்றால், பக்கத்தில் நிற்கும் ஆஸ்துமாக்காரர் இரும ஆரம்பிக்கும் அளவுக்குப் பாட்டிலைக் கவிழ்த்துக்கொண்டு வருவது என்ன? ஊது, கஸ்தூரி போன்ற கனமான வாசனைகளில் ஒரு சொட்டே போதும். எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் தலைவலி தலைவலிதான்.

துருத்தி ஊதியவரின் வீடு

இப்போது கஸ்தூரி விற்பவர், துருத்தி ஊதுபவர் ஹதீஸ். அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அறிவிக்கிறார்கள், புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. கஸ்தூரி விற்பவரிடம் போனால் அவர் சும்மாவாவது கொஞ்சம் தருவார், அல்லது நாம் வாங்குவோம், குறைந்தது நல்ல வாசமாவது கிடைக்கும். துருத்தி ஊதும் இடத்துக்குப் போனால் ஆடையில் தீப்பொறி படும், அல்லது கெட்ட வாடை வரும். நட்பின் பாதிப்பு எப்படி நம்மேல் ஒட்டுகிறது என்பதற்காகச் சொல்லப்பட்ட உவமை இது. தொழிலைத் தாழ்த்துவதற்காகச் சொன்னதல்ல.

இதற்கு ஆதாரம் நாயகத்தின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. நபி (ஸல்) அவர்களுக்கு இப்ராஹீம் என்ற ஆண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தையைப் பாலூட்டி வளர்க்க யார் வீட்டில் ஒப்படைத்தார்கள் தெரியுமா? அபூஸைஃப் (ரலி) என்ற கொல்லரின் வீட்டில். அனஸ் (ரலி) அவர்கள் சொல்வதைக் கேளுங்கள், முஸ்லிமில் வருகிறது. குழந்தையைப் பார்க்கப் பெருமானார் (ஸல்) அவர்கள் புறப்படுகிறார்கள். அங்கே போய்ப் பார்த்தால் அபூஸைஃப் துருத்தி ஊதிக்கொண்டிருக்கிறார், வீடெல்லாம் புகை. அனஸ் (ரலி) முன்னால் ஓடி, நிறுத்துங்கள், அல்லாஹ்வின் தூதர் வந்துவிட்டார்கள் என்கிறார்கள். அவர் நிறுத்துகிறார். நாயகம் (ஸல்) அவர்கள் குழந்தையை வரவழைத்து, நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறார்கள்.

உவமையில் வரும் அதே துருத்திதான். அரபியில் இரண்டு இடத்திலும் 'கீர்' என்ற ஒரே சொல். யாருடைய வியர்வையைக் கஸ்தூரியை விடவும் மணமுள்ளதாக அனஸ் (ரலி) வர்ணித்தார்களோ, யாருடைய வியர்வையை உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள் சேகரித்துத் தம் அத்தரில் கலந்துகொண்டார்களோ, அந்த நாயகம் தம் ஈரக்குலையான மகனைத் துருத்தி ஊதுபவரின் வீட்டில் கொடுத்தார்கள். அந்தப் புகைக்குள் தாமும் போய்க் குழந்தையை முத்தமிட்டார்கள். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு திரும்பவில்லை.

தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பை மென்மையாக்கிக் கொடுத்ததாக அல்லாஹ் ஸூரத்து ஸபாவில் சொல்கிறான். அவர்கள் தம் கைகளால் உழைத்தே சாப்பிட்டார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் பாராட்டினார்கள். இரும்பு வேலை நபிமார்களின் கை பட்ட வேலை.

அந்தச் சகோதரருக்கு அன்றைக்கே நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும். அரபிக் கல்லூரியில் இந்த இரண்டு ஹதீஸையும் ஓதினேன். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க எனக்கு ஒரு பர்னஸ் தொழிலாளியின் கேள்வி தேவைப்பட்டது.

பெருமை எங்கே ஆரம்பிக்கிறது?

அப்படியானால் நல்ல சென்ட் வாங்குவது பெருமையா? இதே கேள்வியை ஒரு மனிதர் நபி (ஸல்) அவர்களிடமே கேட்டார். அணுவளவு பெருமை உள்ளவரும் சொர்க்கம் போக மாட்டார் என்று நாயகம் சொன்னபோது, ஒருவருக்கு நல்ல ஆடை, நல்ல செருப்பு அணிய ஆசை இருக்கிறதே என்று கேட்டார். அல்லாஹ் அழகானவன், அழகை நேசிக்கிறான் என்று பதில் சொன்ன நாயகம், பெருமைக்கு விளக்கமும் தந்தார்கள்: உண்மையை மறுப்பதும் மனிதர்களை அற்பமாகப் பார்ப்பதும்தான் பெருமை.

ஆகவே பெருமை பாட்டிலில் இல்லை. அதைப் பூசிய பிறகு பக்கத்தில் நிற்பவரை நாம் பார்க்கும் பார்வையில் இருக்கிறது. இது இரண்டு பக்கமும் பொருந்தும். வளைகுடாவிலிருந்து வந்த ஒருவர் ஊது பூசி வந்தால், "பணத்தைக் காட்ட வந்திருக்கிறான்" என்று நினைப்பதும் தவறு. அவர் நாயகத்தின் ஸுன்னத்தை நினைத்து அதைப் பூசியிருக்கலாம். அவர் உள்ளத்தைத் திறந்து பார்க்க நமக்கு வழியில்லை.

பள்ளிக்கு வரும்போது அலங்கரித்துக்கொள்ளச் சொல்லும் ஸூரத்துல் அஃராஃபின் 31ஆம் வசனம், வீண் விரயம் செய்யாதீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. அலங்காரமும் அளவும் ஒரே வசனத்தில் இருக்கின்றன.

வியர்வை காயும் முன்

இந்தப் பகுதியில் ஆலை நடத்துபவர்களும் கான்ட்ராக்ட் எடுப்பவர்களும் நம்மில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அன்போடு ஒன்றைச் சொல்கிறேன். தொழிலாளியின் வியர்வை காய்வதற்கு முன் கூலியைக் கொடுத்துவிடச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். இப்னுமாஜாவில் வருகிறது. வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் சொல்கிறான் என்பது புகாரியில் உள்ள ஹதீஸ் குத்ஸி. மூன்று மாதக் கூலியை நிறுத்தி வைத்துக்கொண்டு ஒரு தோலா ஊது வாங்கினால், அதில் வருவது மர வாசனையா, இன்னொருவரின் வியர்வை வாசனையா என்று நாமே யோசித்துக்கொள்வோம்.

கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களின் முன் பொதுக் கருவூலத்துக் கஸ்தூரி வந்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டார்களாம். வாசம்தானே என்று கேட்டபோது, கஸ்தூரியில் வாசத்தைத் தவிர வேறு என்ன பயன் இருக்கிறது என்றார்களாம். பிறர் உரிமை கலந்த நறுமணத்துக்கு அவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். நாம் ஹலாலான வியர்வைக்கு மூக்கைப் பொத்துகிறோம்.

காயம்பட்ட மரம்

அந்தச் சகோதரரிடம் ஊரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒன்று தெரிந்தது. அவர் ஊரில் வீட்டுக் கொல்லையில் அகர் மரம் வளருமாம். நாம் தோலா கணக்கில் வாங்கும் ஊது அந்த மரத்திலிருந்துதான் வருகிறது. அஸ்ஸாமின் ஹோஜாய் ஊர் இந்த வியாபாரத்துக்குப் பெயர் போனது. ஆரோக்கியமான அகர் மரத்தைப் பிளந்தால் உள்ளே வெறும் வெள்ளைக் கட்டைதான், வாசம் கிடையாது. பூச்சி துளைத்தோ, வெட்டுப்பட்டோ காயமாகி, பூஞ்சை புகுந்தால், அதை எதிர்க்க மரம் ஒருவகைப் பிசினைச் சுரக்கிறது. கறுத்துப்போன அந்தக் கட்டைதான் ஊது. "எங்கள் வீட்டில் விற்பதற்குத்தான் மரம் இருந்தது, பூசிக்கொள்ள இல்லை" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

யார் யாரை மோந்து பார்த்து மதிப்புப் போடுவது, சொல்லுங்கள்! தலை கலைந்து, புழுதி படிந்து, வாசல்களில் விரட்டப்படும் எத்தனையோ பேர், அவர்கள் அல்லாஹ்வின் மீது சத்தியம் செய்தால் அல்லாஹ் அதை நிறைவேற்றிவிடுவான் என்ற ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. இஹ்ராம் அணிந்தவர் நறுமணம் பூசக் கூடாது. அப்படித் தலை கலைந்து புழுதியோடு அரஃபாவில் நிற்கும் கூட்டத்தைக் காட்டித்தான் அல்லாஹ் மலக்குகளிடம் பெருமைப்படுகிறான். நோன்பாளியின் வாய் வாடை அவனிடம் கஸ்தூரியை விட மணமானது. அல்லாஹ்விடம் உள்ள தராசு நம் மூக்கு அல்ல.

நாம் செய்ய வேண்டியவை

இனிமேல் நம் பள்ளியில் சில காரியங்களைச் செய்வோம். ஒளுச் செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் குளிக்க இரண்டு அறைகளும், சோப்பும், துவைத்த கைலி, துண்டும் வெள்ளிக்கிழமைதோறும் தயாராக இருக்கட்டும். நிர்வாகத்தினர் சம்மதம் தந்துவிட்டார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆலை நடத்துபவர்கள் வெள்ளிக்கிழமை அரைமணி நேரம் முன்னதாக விடுங்கள், தொழிலாளி குளித்துவிட்டு வரட்டும். ஷிஃப்டிலிருந்து நேராக வருபவர்களே, முடிந்தவரை குளித்து, உடை மாற்றி வாருங்கள், அது உங்கள் பக்கத்து ஸுன்னத். முடியாமல் போனால் அதற்காக வெளியே நிற்காதீர்கள். இடமிருந்தால் முதல் ஸஃப்புக்கு வாருங்கள்.

அத்தர் வைத்திருப்பவர்களே! நம் பெரியவர்கள் செய்ததைப் போலச் செய்யுங்கள். பக்கத்தில் இருப்பவருக்கு ஸலாம் சொல்லி, அவர் புறங்கையில் ஒரு சொட்டுத் தடவிவிடுங்கள். கொடுப்பவருக்கும் ஸுன்னத், மறுக்காமல் வாங்குபவருக்கும் ஸுன்னத். அப்புறம் யார் மேல் எந்த வாசம் என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. அந்த இளைஞரிடம் இதைச் சொன்னேன். போன வாரம் அவர் அந்தச் சென்ட்டோடு அஸ்ஸாம் சகோதரரின் பக்கத்தில் போய் உட்கார்ந்ததை மிம்பரிலிருந்து பார்த்தேன்.

கடைசியாக ஒன்று. நம் உடம்பில் பூசப்படும் இறுதி நறுமணத்தை நாம் தேர்ந்தெடுக்கப் போவதில்லை. தம் மகளாரின் ஜனாஸாவைக் குளிப்பாட்டிய பெண்களிடம், கடைசித் தண்ணீரில் கற்பூரம் சேர்க்கச் சொன்னார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். முதலாளிக்கும் அதே கற்பூரம், பர்னஸ் தொழிலாளிக்கும் அதே கற்பூரம். பூசுகிறவரும் வேறொருவர்தான். அவர் இன்றைக்கு நாம் ஒதுங்கிப்போன அந்தப் பக்கத்து முஸல்லியாகவே இருக்கலாம்.

யா அல்லாஹ்! எங்கள் வெளியைச் சுத்தமாக்கியது போல எங்கள் உள்ளங்களையும் பெருமையிலிருந்து சுத்தமாக்குவாயாக! உழைப்பாளிகளின் உழைப்பில் பரக்கத் செய்வாயாக! அவர்களின் கூலியை உரிய நேரத்தில் கொடுக்கும் மனதை எங்களுக்குத் தருவாயாக! எங்கள் ஸஃப்புகளைப் போலவே எங்கள் உள்ளங்களையும் ஒன்று சேர்ப்பாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வ ஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.